கஸ்தூரிக்கு ஒண்ணுமே முடியாது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் முதல் நாளே டேப்லெட் கொடுத்தார்களாம். எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள். அதிலும் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பிக்குப் பயந்து செங்கல்பட்டு பஸ்ஸில் எத்தனையோ பேர் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் டேப்லெட்டை நீட்டிப் பாருங்கள், எவனாவது எழுந்திருக்கிறானா என்று.

வேலை என்னவோ அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டைத் தேடிப் போக வேண்டும். உதவித்தொகையா, வண்டியா, வேலைக்குப் போக வழியா, என்ன வேண்டும் என்று கேட்டு மனு போட வைக்க வேண்டும். போட்ட மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று கண்டுபிடித்து எழுப்ப வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் ஆட்டோடு இருந்தேன். அதனால் எழுதுவதற்கு ஆபீசில் வேறு ஆட்களை வைத்துக்கொண்டு, எழுப்புவதற்கு மட்டும் என்னை வைத்துக்கொண்டார்கள்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் வந்து பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று உங்கள் மேடம் கூப்பிட்டார். நல்ல வார்த்தை என்னிடம் ஸ்டாக் இல்லை. கஸ்தூரி கதைதான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். டீ வரும்வரை கேளுங்கள்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அவள் ஊர். சிறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. வீட்டுக்குள் கையை ஊன்றி நகர்வாள். குளிக்க வேண்டுமென்றால் அவள் அம்மா அஞ்சலை தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலுக்குக் கொடுக்க வேண்டிய பலத்தையும் சேர்த்துக் கடவுள் அவள் வாயில் வைத்து அனுப்பிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இன்னமும் அவள் பெயரைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்களாம்.

அப்பா ஏழுமலை பெயரில் ஒரு ஷேர் ஆட்டோ இருந்தது. அதை ஓட்டுவதற்குக் கூலிக்கு ஒரு டிரைவர். ஓட வைப்பது கஸ்தூரி. ஏழுமலை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பஸ் நிழற்குடையில் சீட்டாடினார். அதற்கும் ஓர் ஆள் வேண்டாமா?

நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனில் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்த, எங்க கீற? டீக்கடையிலயா? கிளாஸ கீழ வெச்சிட்டு கெளம்பு. புதுப்பட்டினத்துல மீன்கூடையோட நாலு பொம்பளைங்க வெயில்ல நின்னுகினு கீறாங்க. மீன் கெட்டுப் போச்சுன்னா அந்த வாசனை உன் வண்டியிலதான் குடித்தனம் பண்ணும், சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆயா, நீ தானே மனு வாங்கற ஆயா? எனக்கு வேலைக்கிப் போவணும்."

"இன்னா வேலைம்மா?"

"ஈ.சி.ஆர்ல ஒரு ஓட்டல்ல போன் எடுத்துப் பேசறதுக்கு ஆள் வோணுமாம். போன்லயே பேசினேன். கொரலு நல்லா கீதுன்னாங்க. ஆயா, இந்த ஜன்னல்ல ஒரு வேப்பமரம்தான் தெரியிது. அதோட கெளைக்கெல்லாம் பேரு வெச்சி முடிச்சிட்டேன். இனிமே எலைக்குத்தான் பேரு வெக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த ஜன்னலில் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஓர் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். இந்தப் பெண்ணை வேலைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். ஓட்டலில், "எப்படி வருவீங்க?" என்று கேட்டார்கள். பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் அரசாங்கம் கொடுக்கும், அதில் வருவாள் என்றேன். ஆபீசில் ஸ்கூட்டர் கேட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் முதலில், வேலைக் கடிதம் எங்கே என்றார்கள். ஓட்டலுக்குப் போய்க் கடிதம் கேட்டேன். ஸ்கூட்டர் வரட்டும், உடனே கடிதம் தருகிறோம் என்றார்கள். கடிதத்துக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் நான் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். குடையில் இன்னொரு கம்பியும் வெளியே வந்துவிட்டது.

மனுவில் ஒட்டுவதற்குப் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனால், அந்த ஆள் கேமராவைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார்: "உதவித்தொகை மூஞ்சியா, வேலை மூஞ்சியா?"

"அதுல கூட ரெண்டு கீதா நைனா?"

"பின்ன? உதவித்தொகைக்கின்னா லைட்ட கொறைச்சிடுவேன். வேலைக்கின்னா பவுடர் அடிச்சி விடுவேன். ரேட்டு ஒண்ணுதான்."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் கஸ்தூரிக்கு ஏற்கெனவே மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. ஆள் எப்படி இருக்கிறார் என்று அவ்வப்போது ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அப்படி சார் வருகிறார் என்றால் அந்தத் தெருவுக்கே ஒரு வழக்கம் உண்டு. கேஸ் அடுப்பு எதிர்வீட்டுக்குப் போய்விடும். டி.வி.க்குப் போர்வை. நல்ல பாய் பரணில், கிழிந்த பாய் தரையில். இதற்கென்றே தெருவில் ஒரு கிழிந்த பாய் பொதுவாக வைத்திருந்தார்கள். எந்த வீட்டுக்கு சார் வருகிறாரோ அந்த வீட்டுக்கு அது போகும். தெருப் பெண்கள் கூடி நின்று ஒரு பாட்டம் அழுவார்கள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கல்யாண வேலை மாதிரி அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், கஸ்தூரிக்கு அந்த உதவித்தொகை வாங்க எல்லாத் தகுதியும் நிஜமாகவே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலே கிடைத்திருக்கும்.

கடைசியில் எங்கள் அலுவலர் சாரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷன், கோபம் மட்டும் கொஞ்சம் கிட்டே இருக்கும்.

"சார், ஓட்டல் மேனேஜரையும் கூட்டிகினு நீங்களே ஒரு தபா வந்து பொண்ணப் பாத்துடுங்க. அவரு கடுதாசி குடுக்கட்டும், நீங்க ஸ்கூட்டருக்குக் கையெழுத்துப் போடுங்க. ஒரே எடத்துல முடிஞ்சிடும். இல்லன்னா நான் பஸ்ஸுலயே செத்துடுவேன், அப்பறம் எனக்கு ஒரு உதவித்தொகை போடணும்."

வருகிறேன் என்றார். நான் அஞ்சலைக்குப் போன் செய்து, "நாளைக்கி சார் வராரு, ரெடியா இரு" என்றேன். சரிக்கா என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அன்று ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் ஜீப்பில் முன்னால் சார். பின்னால் நானும் ஓட்டல் மேனேஜரும். மேனேஜர் படூரில் ஃப்ளாட்டில் இருக்கிற பையன், இஸ்திரி கலையாத சட்டை. தெருவுக்குள் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது கூரைமேல் இருந்த டிஷ் ஆன்டெனா. அதற்குச் சாக்கு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

உள்ளே போனால் எல்லாமே சிறப்பாக நடந்திருந்தது. மூன்று கல் வைத்த அடுப்பில் பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜை எங்கேயும் தூக்க முடியாததால் அதற்குப் புடவை கட்டி, மேலே சாமி படம் வைத்து, விளக்கேற்றியிருந்தார்கள். நாங்கள் நுழைந்த நேரம் அது உள்ளுக்குள் 'டுர்ர்' என்று ஓர் உறுமல் உறுமியது. அலுவலர் சார் செருப்பை இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

நடுவீட்டில் அந்தப் பொதுப் பாய். அதன்மேல் கஸ்தூரி. காலையிலேயே தலைக்குக் குளித்து, சுடிதார் போட்டு, ஜிமிக்கி மாட்டி உட்கார்ந்திருந்தவளை, ஜீப் சத்தம் கேட்டதும் நாலு பேர் அமுக்கிப் பழைய நைட்டியை மாட்டி, முகத்தில் சாம்பலைப் பூசிப் படுக்க வைத்திருந்தார்கள். அவசரத்தில் ஒரு ஜிமிக்கி மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் சாம்பலாகியிருக்க வேண்டும், முகத்தில் பூசிக்கொள்ள இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

"சார்!" என்று அஞ்சலை மாரில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணுக்கு ஒண்ணுமே முடியாது சார்!"

"ஒண்ணுமே முடியாது சார்!" என்றது தெரு.

வாசலில் ஏழுமலை துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். குலுங்கியதில் சட்டைப் பையில் இருந்த சீட்டுக்கட்டிலிருந்து ஆட்டின் ராணி எட்டிப் பார்த்தாள்.

மேனேஜர் என் காதருகே வந்தார். "ஆன்ட்டி, போன்ல பேசினது இவங்கதானா? இவங்களால உக்காரவே முடியாது போலயே. நான் எப்படி லெட்டர் கொடுக்கறது?"

அலுவலர் சாரின் நெற்றியில் கோடுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

நான் அஞ்சலையைப் புகைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "இன்னாடி பண்ணி வெச்சிகீற? இவரு வேலை குடுக்க வந்தவருடி!"

"எந்த சாரா இருந்தா இன்னாக்கா? ரெண்டுத்துக்கும் கையெழுத்துப் போடறது அவரு ஒருத்தர்தானே? அவரு எதிர்ல முடியும்னு காட்டிட்டா வர்ற பணத்த நிறுத்திட மாட்டாரா?" புகையில் அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எல்லாம் புகையால் வந்தது இல்லை. "நாலு மாசம் கயிச்சி ஓட்டல்ல வோணாம்னு அனுப்பிட்டா, அப்ப இதுவும் இருக்காது, அதுவும் இருக்காது. எம் பொண்ணுக்கு மருந்து யாரு வாங்குவா? அவங்கப்பனா?"

பிள்ளைகளே, இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இது நாடகம் சார் என்று சொன்னால், இத்தனை வருஷமும் நடித்துத்தான் வாங்கினார்களா என்று அவர் உதவித்தொகைக்குக் கை வைத்துவிடுவார். நிஜம்தான் சார் என்று சொன்னால், மேனேஜர் ஜீப்பில் ஏறிவிடுவார், கஸ்தூரி வேப்பிலைக்குப் பெயர் வைக்க உட்கார வேண்டியதுதான். மேனேஜர் ஏற்கெனவே ஷூவில் ஒரு காலை விட்டுவிட்டார்.

அப்போது எங்கள் ஆபீஸ் கிளார்க் அண்ணன் நினைவுக்கு வந்தார். அவருக்குக் கண் தெரியாது. மனுக்களை யாராவது படித்துச் சொல்ல, அவர் டைப் அடிப்பார். யாராவது 'ஒன்றுமே முடியாது' என்று சொல்லச் சொன்னால் விரலை எடுத்துவிடுவார். "என் மிஷின்ல 'ஒண்ணுமே' அடிக்க எழுத்து இல்ல. இன்னா முடியாது, அத மட்டும் சொல்லு" என்பார். எனக்கு அது அவருடைய தினசரிப் பேஜாரு என்றுதான் தோன்றும். அன்று அதுதான் கைகொடுத்தது.

"சார், 'ஒண்ணுமே'ன்னா எனக்கு வெளங்கல. நீங்க ஒவ்வொண்ணா கேளுங்க. அஞ்சல, சார் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சார் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நடக்க முடியுமா?"

"முடியாது சார்." அது உண்மை.

"தானா குளிக்க முடியுமா?"

"நான்தான் தூக்கிகினு போவணும் சார்." சொல்லும்போது அஞ்சலை இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் உண்மை, அந்த இடுப்பு அவளைக் கேட்காமலேயே பிடித்துக்கொள்ளும்.

"கை?"

"கை... ஒரு மாதிரி சார்."

அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரியின் கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. படீரென்று ஓர் அடி. ஈ செத்துப் பாயில் விழுந்தது. எல்லாரும் ஈயைப் பார்த்தார்கள்.

"சரி. பேச முடியுமா?"

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அஞ்சலை சாமி படத்தைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். "அதுவும்... முடியாது சார்."

"அடியே!" என்று கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பச்சையம்மா முன்னால் வந்துவிட்டாள். "எத வோணாலும் சொல்லுடி, அத மட்டும் சொல்லாத! பேச முடியாதாமா? போன வாரம் எங்கூட்டுக் கோழி இவங்க வாசல்ல கிளறிச்சின்னு, படுத்த எடத்துலேர்ந்தே இவ கேட்ட கேள்வியில அந்தக் கோழி இன்னிவரிக்கும் முட்ட வெக்கல சார்!"

"எங்கூட்டுக்காரரு இவகிட்ட போன்ல பேசிட்டுத்தான் குடியவே விட்டாரு" என்றாள் இன்னொருத்தி.

"கரண்டு ஆபீஸ்ல இவ பேர சொன்னா ஒடனே லைன்மேன் வந்துடறாரு சார்!"

இவ்வளவு நேரம் ஒரே குரலில் அழுத தெரு, இப்போது ஆளுக்கு ஒரு குரலில் போட்டுக்கொடுத்தது. இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சை அரசாங்கமே இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் அவர்கள் மனசு எப்படிப் பொறுக்கும்? அஞ்சலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் களேபரத்தில் மேனேஜரின் போன் அடித்தது. பையன் பதற்றத்தில் எதையோ அழுத்தி, ஒரு ஆள் கத்துகிற கத்தல் வீடு முழுக்கக் கேட்டது. கடல் தெரிகிற ரூம் என்று சொன்னீர்களே, ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துகிற இடம்தான் தெரிகிறது, பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் ஊர் பூராவும் சொல்வேன். மேனேஜர், "சார், சார், சாரி சார்" என்று மூன்று தடவை சொன்னார். கத்தல் மூன்று மடங்கானது.

பாயிலிருந்து ஒரு கை நீண்டது.

"அத இங்க குடு சார்."

அவர் கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு எல்லாரும் கொடுத்துவிடுவார்கள்.

கஸ்தூரி படுத்தபடியே, சாம்பல் முகத்தோடு, தேன் மாதிரி ஆரம்பித்தாள். "வணக்கம் சார். பின்னாடி குழந்தை அழுவுற சத்தம் கேக்குதே, பயணத்துல வந்த களைப்பா சார்? பால் சூடு பண்ணி அனுப்பட்டுமா? ...ஒன்றரை வயசா? அச்சச்சோ. நீங்க சாப்பிட்டீங்களா சார்? இன்னும் இல்லையா? அதான் சார், பசியில பாத்தா கடலே தெரிஞ்சாலும் கோவம் வரும்." அந்தப் பக்கம் கத்தல் இறங்கி முனகலானது. "கடல் பக்கம் ரூம் காலியாவும் போது மொத ஆளு நீங்கதான் சார். அதுவரைக்கும் காபி எங்க கணக்கு. அம்மாவுக்கும் சேத்துத்தான். வெக்கட்டுமா சார்?"

போனைத் திருப்பிக் கொடுத்தாள். மேனேஜர் ஷூவிலிருந்து காலை எடுத்தார்.

"காபி எங்க கணக்கா?"

"அவரு பொட்டியத் தூக்கிகினு போனா ரூம் வாடகை யாரு கணக்கு சார்?"

பிறகுதான் அவளுக்குத் தான் எந்த வேஷத்தில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. மெதுவாகப் பாயில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டாள். ஜிமிக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை அலுவலர் சாரின் காலில் விழப் போனாள். அவர் விலகிக்கொண்டார். நான் குடையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "கால் முடியாதுன்னு ஒரு பேப்பர்ல இருக்கு. அது பொய்யா?"

"சத்தியமா இல்ல சார்."

"வாய் முடியும்னு இன்னொரு பேப்பர்ல எழுதப் போறேன். அது பொய்யா?"

அஞ்சலை மகளைப் பார்த்தாள். "அதுவும் இல்ல சார்."

"ரெண்டும் ஒரே பொண்ணுதானே? எதுக்கும்மா ஒண்ண ஒளிச்சு ஒண்ணக் காட்டறீங்க? உதவித்தொகையப் பத்தி நான் மேல எழுதிக் கேக்கறேன், பதில் வர்றவரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க." எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். "ஆமா, அந்த ஃப்ரிட்ஜ எதுக்கு என்னைக் கும்பிட வச்சீங்க?"

முதலில் சிரித்தது கஸ்தூரிதான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை, அவர் ஆட்டின் ராணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்தது, ஸ்கூட்டர் வந்தது. மேலிருந்து பதிலும் வந்தது: உடம்பின் பாதிப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆகவே தொகையும் தொடரட்டும், வழக்கம்போல் அவ்வப்போது நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

ஓட்டலில் வேலையாட்கள் வரும் வாசலில் படி இருந்தது. சரிவுப் பாதை போடுங்கள் என்றோம். மாமல்லபுரத்தில் கல்லுக்கா பஞ்சம்? சிற்பப் பட்டறையில் சொன்னார்கள். அந்தச் சிற்பிகளுக்கு வெறும் கல்லைச் சும்மா கொடுத்து அனுப்ப மனசு வரவில்லை. சரிவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு யானை வைத்துவிட்டார்கள். இப்போது வருகிற விருந்தாளியெல்லாம் முன்வாசலை விட்டுவிட்டு அதில் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள். கஸ்தூரி ஹாரன் அடித்து விரட்டிவிட்டுத்தான் வேலைக்கே போகிறாள்.

வரவேற்பு மேசைதான் பெரிய கூத்து. அவள் உட்கார்ந்தால் மேசைக்கு மேலே கொண்டைப்பூ மட்டும்தான் தெரியும். வடக்கேயிருந்து வந்த ஒரு அம்மா, மல்லிகைப் பூ பேசுகிறது என்று கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாராம். தேக்கு மேசை, அறுக்க முடியாது என்று முதலாளி மறுத்தார். "அப்ப பூவுக்கே சம்பளம் குடுங்க சார்" என்றாள் இவள். இரண்டே வாரத்தில் அறுத்துவிட்டார்கள்.

டீ வந்துவிட்டதா? அங்கே வையுங்கள், ஆறட்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சார் வருகிறார் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். எதற்கு வருகிறார் என்று சேர்த்துச் சொல்லுங்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஜனங்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒவ்வொரு மூஞ்சியை நாம் கேட்கிறோம், அவர்கள் பாவம், எந்த மூஞ்சி எந்த கவுன்ட்டருக்கு என்று குழம்பிவிடுகிறார்கள். யாராவது 'ஒண்ணுமே' என்று சொன்னால் உங்கள் டேப்லெட்டில் விரலை எடுத்துவிட்டு, என்னென்ன என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

இதையெல்லாம் அஞ்சலைக்கும் நான் விளக்கமாகச் சொல்லித்தான் இருந்தேன். கேட்டுத் தலையும் ஆட்டினாள். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த முறை நேரில் பார்க்க அலுவலர் சார் போனபோது முன்கூட்டித் தகவல் கொடுக்கவில்லை. பக்கத்து ஊருக்கு வந்தவர் அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்று போய்விட்டார். நானும் கூட இருந்தேன். கஸ்தூரி வேலைக்குப் போயிருந்தாள். வேலையில் இருக்கிறாள் என்று சொன்னாலே போதும், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனால் ஜீப் சத்தம் கேட்டதும் அஞ்சலைக்குக் கை கால் ஓடவில்லை. நாங்கள் உள்ளே போனால், அதே பொதுப் பாய். அதன்மேல் தலையோடு காலாகப் போர்வை போர்த்தி ஒரு உருவம்.

"என்னம்மா, கஸ்தூரி லீவா? உடம்பு சரியில்லையா?"

"ஆமா சார்," என்றாள் அஞ்சலை, என்னைப் பார்க்காமல். "ஒண்ணுமே முடியல சார்."

சார் குனிந்து போர்வையை விலக்கினார். உள்ளே முதலில் மீசை தெரிந்தது. பிறகு ஏழுமலை தெரிந்தார். கையில் சீட்டுக்கட்டு. எழுந்திருக்கவா வேண்டாமா என்று மனைவியைப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் 'டுர்ர்' என்றது.

சார் ஓட்டலுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரிலேயே வைத்தார்.

"வணக்கம் சார், சாப்பிட்டீங்களா?" என்றது தேன் குரல்.

"கஸ்தூரி, உங்க வீட்லேர்ந்துதான் பேசறேன். பாய்ல உங்கப்பா படுத்திருக்கார். ஒண்ணுமே முடியலன்னு உங்கம்மா சொல்றாங்க."

போனில் பின்னால் கடல் காற்று கேட்டது.

"சார், எங்கம்மா இத்தினி வருஷத்துல உங்ககிட்ட இப்பதான் மொத தபா முழு உண்மைய சொல்லிகீறாங்க. எழுதிக்குங்க சார்."

சார் எழுதிக்கொள்ளவில்லை. அதற்குத் திட்டம் எதுவும் இல்லையாம்.